பானைக்குக் காவல்

ஆகஸ்ட் 7, வியாழன்

காற்று. காலையிலிருந்து கூரைத் தகரம் கடகடவென்று. மில் வாசலில் காயப்போட்ட மிளகாய் பாதி தெருவில், பாதி என் கண்ணில்.

நோர்வேக்காரர்கள் வந்து மூன்று நாள். இவருடைய தங்கை வசந்தி, அவள் புருஷன் நேசன். வீடு முழுக்கப் பெட்டி. குளியலறையில் எனக்கு நிற்க இடமில்லை, அவர்களுடைய போத்தல்களுக்கு இருக்கிறது. நேசன் யாழ்ப்பாணத்து ஆள், மரியாதையான மனிதர். குறை சொல்வதைக்கூட மரியாதையாகச் சொல்வார். இன்று என் கோப்பியைக் குடித்துவிட்டு, நல்ல கோப்பிதான், தங்களுக்குத்தான் இந்த இனிப்பு பழக்கமில்லை என்றார். முழுவதையும் குடித்தார்.

ஞாயிறு ட்ரிப். ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், அப்படியே மலையின் மற்றப் பக்கம் இறங்கி லக்கல. அங்கே நீர்த்தேக்கத்தில் படகு. வேன் பேசியாகிவிட்டது. கண்டியிலிருந்து இவருடைய சித்தப்பா குடும்பமும் சேர்கிறது.

படகு என்றதும் எனக்கு ஆசை வந்தது உண்மை. எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள். வசந்தி வருஷா வருஷம் அனுப்பும் கலண்டர் குசினிச் சுவரில். அதில் ஒரு படத்தை மட்டும் எந்த மாதம் வந்தாலும் நான் திருப்புவதில்லை. இரண்டு பக்கமும் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். நடுவில் ஒரு வெள்ளைக் கப்பல், நகத்தளவு. கடல் மலைக்குள் நுழைந்து கிடக்கும் இடமாம், ஃபியோர்டு என்று பெயராம். வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் அந்தக் கப்பலில் நான்தான். ஐம்பது வயதாகிறது. ஒரு தோணியில்கூடக் கால் வைத்ததில்லை.

சாப்பாட்டை நம்ம வீட்டிலேயே செய்து கொண்டுபோகலாம், கடைச் சாப்பாடு வசந்திக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறார் இவர். நம்ம வீடு என்றால் நான்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். காலையில் சந்தோஷம். இப்போது இந்தப் பேனா உடையாமல் இருந்தால் சரி.

காலைத் தேநீருக்கு இவர் சொன்னார், சும்மா பேப்பர் செய்தி வாசிப்பது போல: "நவம்பர்ல நீ நோர்வே போற. டிக்கட் அவங்க போடுறாங்க. அந்தக் கப்பல் எல்லாம் காட்டுவாங்களாம்."

என் கையில் தட்டு. வைத்தேனா, வைக்கவில்லையா, நினைவில்லை. குசினிக்குப் போய்க் கலண்டரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமே இல்லை. மல்லி அரைக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அங்கே குளிருக்குக் கம்பளிச் சப்பாத்து வேண்டும் என்றாள் ஒருத்தி. வாங்கிவிடுவோம் என்றேன். பைத்தியக்காரி.

மத்தியானம் உடுப்புக் காயப்போடப் போனேன். வசந்தி பின்வாசலில் உட்கார்ந்து மகளோடு ஃபோனில். மகள் ஆரணி, அங்கே மாசமாக இருக்கிறாள், தலைப்பிள்ளை, நவம்பரில் பிரசவம்.

"அத்தை வாராங்கம்மா, நீ பயப்படாத. பத்தியம், குளிக்க வாக்குறது, ராவுல புள்ள பாக்குறது, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. மூணு மாசமும் இருப்பாங்க. எனக்கு லீவே தேவப்படாது."

ஈரச் சீலை கையிலேயே.

இவரிடம் போய்க் கேட்டேன். தெரியும் என்கிறார். பிள்ளையையும் பார்த்துக்கொண்டு இடத்தையும் பார்க்கலாம்தானே என்கிறார். நான் சரி சொல்லவில்லையே என்றேன். அவர் சொல்லிவிட்டாராம். எனக்காக.

மில்லை என்ன செய்வது? நவம்பர், மார்கழி, தை. நத்தார்ப் பண்டிகை, பொங்கல், கல்யாணங்கள். மில்லுக்கு அதுதான் சோறு. மூன்று மாதம் பூட்டினால் எல்லாரும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பெரிய மில்லுக்குப் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். இது இவர் தந்த மில் இல்லை. என் தாலிக்கொடியை வைத்துப் போட்ட மெஷின். அதைச் சொன்னால், "பூட்டினா ஓடியா போயிரும்?"

இன்னொன்று. சாயங்காலம் நேசனிடம் வாயைக் கொடுத்தேன், கப்பல் நவம்பரில் எத்தனை மணிக்கு என்று. மனிதர் பாவம், பொய் சொல்லத் தெரியாது. "நவம்பரில இருட்டு அக்கா. பின்னேரம் மூண்டு மணிக்கே இரவு. உதெல்லாம் பாக்கிறதெண்டால் கோடையில வரவேணும்."

ஆக, கப்பலும் இல்லை. இருட்டில் துணி அலசலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்னும் விடியவில்லை. காற்று நின்றிருக்கிறது.

சோறு – இறக்கியாச்சு
பருப்பு
கோழிப் பொரியல்
கட்லட் – வழிக்குத் தனிப் பெட்டி
கத்தரிக்காய் மோஜு
தே. சம்பல்
வாழையிலை, தண்ணீர், பழந்துணி
வாந்திக்கு: தேசிக்காய், பை

கோழிப் பொரியலுக்கு மேல் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும், வெள்ளைத் துணியில் முடிந்து. பொரித்ததைக் காட்டு வழியே கொண்டுபோனால் வாசத்துக்குப் பேய் பின்னால் வரும் என்று எல்லாரும் போடுவது. எனக்கு நம்பிக்கையா என்று கேட்டால் தெரியாது. உப்புப் போடுவது போல, கை தானாகப் போடும்.

வசந்தி மூடியைத் திறந்து பார்த்தாள். "சீ, என்ன அண்ணி இது, சாப்பாட்டுக்குள்ள கரி!" முடிச்சை எடுத்து ஜன்னலால் எறிந்தாள். இதே வீட்டில் பிறந்து இதே கரி வைத்த கோழியைத் தின்று வளர்ந்தவள். நான் மூடியைப் போட்டு மூடினேன். வரும் பேய் அவளையே பிடிக்கட்டும்.

வேன் சத்தம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூட்டம். உடம்பெல்லாம் வலி. மில் திறக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவர்கள் சொல்வதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

என் இடம் கடைசி சீட்டு, பானைகளோடு. சோற்றுப் பானை கால் இரண்டுக்கும் நடுவில், பருப்பு மடியில். ரத்தோட்டை தாண்டியதும் வளைவுகள். சித்தப்பாவின் மருமகள் ஒவ்வொரு வளைவுக்கும் ஓங்கரித்தாள், பை பிடித்தது நான். முன்னால் பாட்டு, கைதட்டல். பைன் மரம், பனி, அருவி என்று கத்திக்கொண்டே வந்தார்கள். நான் பார்த்தது அலுமினிய மூடி. அது ஆடினால் அமுக்கு, ஆடினால் அமுக்கு.

ரிவர்ஸ்டனில் இறங்கினார்கள். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. எல்லாரும் சீலையைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினார்கள். நானும் ஒரு காலைக் கீழே வைத்தேன். "அண்ணி, அந்தக் கட்லட் பெட்டிய எடுங்களேன்." எடுத்தேன். பங்கிட்டேன். பறந்த கடதாசித் தட்டுகளைத் துரத்திப் பொறுக்கினேன். அதற்குள் டிரைவர் ஹோர்ன் அடித்துவிட்டான். நேசன் ஏறும்போது இதுவும் வடிவுதான் என்றார். பிறகு, எங்கட இடத்தில மலையெண்டால் மலை, என்றார்.

இறங்க இறங்கச் சூடு. லக்கலப் பக்கம் வந்து ஒரு வளைவு திரும்பியதும் கீழே நீர்த்தேக்கம். பின்னால் மலைகள் நேராகத் தண்ணீருக்குள் கால் விட்டுக்கொண்டு. எனக்கு வாய் மூடவில்லை. என் கலண்டர். கப்பல் மட்டும்தான் இல்லை.

கரையில் டயர் காற்று இறங்கியிருக்கிறது என்று டிரைவர் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டு வேனோடு டவுனுக்குப் போனான். பானைகள் மரத்தடியில். மரத்தின் மேல் குரங்குகள், குஞ்சும் குடும்பமுமாக, பந்திக்கு இலை போடுவதைப் பார்ப்பது போல எங்களையே பார்த்துக்கொண்டு. படகு வந்தது. எட்டிப்பார்த்தேன், பத்துப் பதினைந்து பேருக்கு இடம்.

சித்தப்பா சொன்னார், "பானைக்கு யாராவது ஒருத்தர் இருக்கணுமே."

ஒருத்தரும் என் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இவர் ஒரு தடியை முறித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டு: "நீதான் நோர்வேயில பெரிய கப்பல்லயே போகப்போறியே."

அந்தச் சிரிப்பு. சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

போனார்கள். தடியோடு நின்றேன். நெஞ்சு மிளகாய் அரைத்த மெஷின் மாதிரி எரிந்தது. அழுகை இல்லை. அழுகை வந்திருந்தால் நின்றிருப்பேன்.

அப்போதுதான் இரண்டாவது படகில் ஏற ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தது. "யாரு, நம்மட மில் அக்காவா?" உக்குவளை றிஸ்வானா. மகள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் தூள் அரைத்தாள். தனியாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். பானைக்குக் காவல் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு ஆளுக்கு எடம் ஈக்கி. வாங்க."

குரங்கு இருக்கிறதே என்றேன்.

"அதுகளும் ஒரு நாளைக்கு நல்லாத் தின்னட்டுமே."

தடியைப் பானைக்குப் பக்கத்தில் கவனமாகச் சாய்த்துவைத்தேன். ஏன் கவனமாக என்று தெரியவில்லை. ஏறிவிட்டேன்.

லைஃப் ஜாக்கெட்டில் யாரோ ஒருவருடைய வியர்வை நாற்றம். கழற்றவே மனமில்லை. படகு ஆடிய முதல் ஆட்டத்துக்கு றிஸ்வானாவின் கையை நசுக்கிவிட்டேன், பிறகு பழகிவிட்டது. கரை தூரமாகப் போகப் போக மலை பெரிதாகியது. தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்களின் தலை, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். மலை மடிப்புக்குள் தண்ணீர் நுழைந்து போகிறது, படகும் நுழைந்தது. அங்கே குளிர். சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பாறை, அதற்கு மேல் பாறை, உச்சியில் மேகம். மடியில் ஒன்றும் இல்லை. இரண்டு கையும் சும்மா. அதுதான் முதலில் தெரிந்தது. கையைத் தண்ணீரில் விட்டேன்.

திரும்பும் வழியில், வேறு பக்கம் சுற்றிவிட்டு வந்த எங்கள் ஆட்கள் படகு. முதலில் வசந்தி பார்த்தாள். பிறகு இவர். எழும்பி நின்றுவிட்டார், படகுக்காரன் உட்காரச் சொல்லிச் சிங்களத்தில் கத்துகிறான், இவர் காதில் விழவில்லை. "பானை! ஏய், பானை!"

நான் கையை ஆட்டினேன். றிஸ்வானா வீட்டு ஆட்களும் ஆட்டினார்கள்.

கரையில் குரங்குகள் ஒரு குறையும் வைக்கவில்லை. சோறு மணலில். கோழி மரத்தின் மேல். மோஜுப் பாத்திரத்துக்குள் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. இவர் முகம் கறுத்து, வாய் திறந்து, ஏச ஆரம்பிக்கும் நேரம் சித்தப்பா கையைத் தூக்கினார். என்னிடம் கேட்டார், "பொரியலுக்குக் கரி போட்டீங்களாம்மா?"

போட்டேன், வசந்தி எடுத்து எறிந்துவிட்டாள் என்றேன். உண்மைதானே.

எல்லாருடைய தலையும் வசந்தி பக்கம் திரும்பியது. அதுதானே பார்த்தேன் என்றாள் ஒருத்தி. ரிவர்ஸ்டனிலேயே தனக்கு முதுகு சில்லென்றது என்றாள் வாந்திக்காரி. நான் சத்தமாகவே சொன்னேன்: "கரி இல்ல. நான்தான் விட்டுட்டுப் போனேன். வேணும்னேதான் போனேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு இரக்கம் முகத்தில். "அந்த நேரத்துல உங்க புத்திய மாத்தினதும் அதுதாம்மா."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் நினைத்ததைச் செய்தேன். அதையும் பேய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஏசினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். டவுனில் பணிஸும் வாழைப்பழமும் தின்றுகொண்டு, வழி நெடுக வசந்தியைத்தான் கரித்துக் கொட்டினார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். காலையில் இவர் கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கிவந்து என் தலையைச் சுற்றி முச்சந்தியில் நசுக்கினார். நானும் நின்றேன். என்ன செய்வது, கையில் தோசைமா.

விசாவுக்குப் படம் எடுக்க நாளைக்கு ஸ்டூடியோ போக வேண்டுமாம், நீலச் சீலை கட்டணுமாம். நான் போகமாட்டேன் என்றேன். அது இறங்கட்டும், பிறகு பேசுவோம் என்கிறார். அது!

நேசனிடம் சொன்னேன். ஆறுதலா யோசியுங்கோ அக்கா என்கிறார். சித்தப்பா ஃபோன் எடுத்தார், அவரிடமும் சொன்னேன். மூன்று வெள்ளிக்கிழமை விளக்குப் போடச் சொல்கிறார். இந்த வீட்டில் நான் வேண்டாம் என்றால் அது ஒரு வருத்தம், மருந்து கொடுத்தால் போய்விடும்.

மி.தூள் அரைத்தேன். நான்கு பேர் நோர்வே எப்போ என்று கேட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில். நாளைக்கு இவர்கள் ஃப்ளைட்.

ஒவ்வொரு முறையும் வசந்திக்குப் பெட்டி நிறையக் கறித்தூள் வறுத்து அரைத்துக் கட்டிக் கொடுப்பேன். கேட்கவே மாட்டாள், இருக்கும். இந்த முறை நான் மல்லியைத் தொடவில்லை. மத்தியானம் மில்லுக்குத் தனியாக வந்தாள். தும்மினாள். வெறும் பாத்திரத்தைப் பார்த்தாள்.

நானே ஆரம்பித்தேன். "வசந்தி, நான் வரமாட்டேன். பேயும் இல்ல, கோபத்துல சொல்லவும் இல்ல. கோபம் இருக்கு, அது வேற. புள்ள பாக்கக் கூப்பிடுறதுன்னா புள்ள பாக்கன்னு சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். எங்கிட்ட கேட்டிருக்கணும். கப்பலக் காட்டி ஏமாத்தின பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

மல்லி மூட்டையில் உட்கார்ந்தாள். மூட்டைக் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது சொல்லித் தொலை என்று எனக்குக் கை பரபரத்தது.

"அந்தக் கலண்டரக் கழட்டிருங்க அண்ணி."

ஏன் என்றேன்.

"அந்த இடத்துக்கு நான் போனதே இல்ல."

இருபத்திரண்டு வருஷம். முதியோர் இல்லத்தில் வேலை, கட்டில் துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது. லீவு கிடைத்தால் யாருக்காவது பிரசவம், யாருக்காவது வீடு மாறுவது, அல்லது ஊருக்கு வருவது. நேசன் வேலையிடத்து ஆட்களோடு போய் வந்தாராம். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தர் வீட்டில் நிற்கத்தானே வேண்டும். கலண்டர் மளிகைக் கடையில் சும்மா கொடுப்பது.

அனுதாபமா வந்தது? இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போகாத இடத்தயா வருஷா வருஷம் எனக்கு அனுப்பின? அதப் பாத்து நான் வயிறெரிஞ்சு செத்தேனே!"

"நீங்களாவது சந்தோஷப்படுவீங்கன்னுதான்."

பிறகு சொன்னாள், "அன்னைக்குப் படகுல உங்களப் பாத்ததும் எனக்குக் கோபம் வரல அண்ணி. பொறாமையாத்தான் இருந்துச்சு. கரி கிரின்னு எல்லாரும் ஏசினப்போ அதான் பேசாம இருந்தேன்."

அப்போ நான் வேண்டும் என்றுதான் போனேன் என்று உனக்குத் தெரியுமா என்றேன்.

"தெரியும். கையாட்டினீங்களே."

ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறது.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவளே மல்லியை வறுத்தாள். ஒரு பக்கம் கருக விட்டாள். அதையும் சேர்த்து அரைத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காற்று மறுபடியும். வேனில் ஏறும்போது எல்லார் முன்னாலும் வசந்தி சொன்னாள்: "அண்ணி வரமாட்டாங்க. யாரும் இனிக் கேக்க வேணாம்." இவர் என்னைப் பார்க்கவில்லை. நேசன், அப்ப ஆரணிக்கு ஆர் துணை, என்றார். பார்ப்போம் என்றாள்.

வழிக்குக் கொடுத்த கட்லட் பெட்டியைத் திறந்து அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். எதற்கு, சித்தப்பா வாய்க்கா, பேய்க்கா, கேட்கவில்லை.

போய்விட்டார்கள். குளியலறை எனக்கு. இவர் பேசவில்லை. நிம்மதி.

கலண்டரைக் கழற்றவில்லை. அது என் கலண்டர்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மழைக் குணம், மழை இல்லை. இஞ்சி இரண்டு மூட்டை காய வேண்டும்.

மத்தியானம் ஃபோனில் ஒரு படம். வசந்தி. பின்னால் மலை, நேராகத் தண்ணீருக்குள். கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தலைமயிர் வாய்க்குள். பக்கத்தில் யாரும் இல்லை. கீழே எழுதியிருந்தாள்: "பானைக்கு நேசன் காவல்."

திரும்பத் திரும்பப் பார்த்தேன். இஞ்சியைக் கோழி கிளறியது, அதையும் துரத்தவில்லை.

இவர் வந்து ஃபோனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மலையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அப்ப அங்க யாரு சமைச்சது?"